வெள்ளவத்தையில் ஒரு சிறுவர் பிசியோ நிலையம்: நுனிக்காலில் நடக்கும் பிள்ளையோடு போன அம்மாவின் கருத்து

ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது மாடிப்படிக்கும் வரவேற்பு மேசைக்கும். அதைப் பிறகு சொல்கிறேன். மற்ற நாலையும் கொடுத்தது ஒரே விஷயத்துக்காக. என் மகன் ஏன் குதியை நிலத்தில் வைக்காமல் நடக்கிறான் என்று முதலில் தேடிப் பார்த்தார்கள், அதற்குப் பிறகுதான் என்ன செய்யலாம் என்று வாயைத் திறந்தார்கள். கேட்கச் சின்ன விஷயம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் கொழும்பில் பிள்ளையின் காலைக் காட்டிக்கொண்டு திரிந்தவர்களுக்குத் தெரியும், பல இடங்களில் இந்த ஒழுங்கு தலைகீழ். சப்பாத்துக் கடையில் சப்பாத்துதான் மருந்து, பயிற்சி நிலையத்தில் பயிற்சிதான் மருந்து, எண்ணெய் பூசுகிறவரிடம் எண்ணெய்தான் மருந்து. யாரிடம் போகிறோமோ அவர் கையில் இருப்பதுதான் பிள்ளைக்கு வைத்தியம்.

நிலையத்தின் பெயரைப் போடவில்லை. குறையும் எழுதப் போகிறேன், நல்ல மனுசர்கள், பெயரைப் போட்டு இழுக்க விருப்பமில்லை. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று, பழைய வீட்டின் மேல்மாடி, அவ்வளவு போதும். நான் எழுதுவது அந்த ஒரு இடத்தைப் பற்றி என்றாலும், நீங்கள் நாரஹேன்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ வேறொரு இடத்துக்குப் போனாலும் இதே விஷயங்களைப் பார்க்கிறார்களா என்று கவனிக்கலாம். பார்க்காவிட்டால் காசைக் கட்ட முன் யோசியுங்கள்.

மகனுக்கு நாலு வயது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே நுனிக்கால்தான். நடை பழகும் வயதில் பிள்ளைகள் இப்படி நடந்து பார்ப்பது சாதாரணம், கொஞ்ச மாதத்தில் பெரும்பாலானவர்களுக்குக் குதி தானாக இறங்கிவிடும், ஆனால் மூன்று வயது தாண்டியும் இறங்காவிட்டால் ஒருமுறை யாரிடமாவது காட்டத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குள் ஆளுக்கொரு விளக்கம் வந்துவிட்டது. மாமியார் "வோக்கரில விட்டதாலதான் இவனுக்கு இந்தப் பழக்கம், நாங்கள் உங்களை அப்பிடியா வளர்த்தனாங்கள்" என்று கணவரைப் பார்த்துச் சொல்வார், பார்வை மட்டும் என் மேல் இருக்கும். சக்கரம் வைத்து நடுவில் பிள்ளையை இருத்தும் அந்த வோக்கர் நல்ல சாமானில்லை என்பது உண்மைதான். படியில் உருண்டு விழுந்து அடிபடுகிறார்கள் என்று கனடாவில் 2004ஆம் ஆண்டே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். கால் எட்டாமல் நுனியால் உந்தி உந்திப் போகிற பிள்ளைக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளவும் கூடும். ஆனால் வோக்கரை எடுத்து ஒளித்து வைத்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் குதி இறங்கவில்லை என்றால் பழியை அதன் மேல் மட்டும் போட்டுவிட்டு இருக்க முடியாது. (நம் ஊரில் தச்சர் செய்து தரும் மூன்று சில்லு மர நடைவண்டி வேறு, அதைப் பிள்ளை நின்றுகொண்டு தள்ள வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள் என்று மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.)

சப்பாத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும், குதிப்பக்கம் கட்டையான, கனமான சப்பாத்து ஒன்றை எடுத்து வைத்து, இதைப் போட்டால் மூன்று மாதத்தில் சரி என்றார்கள். பிள்ளையின் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. விலையைக் கேட்டதும் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இருவரும் மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். கனமான சப்பாத்து போட்டால் சில பிள்ளைகள் அதைப் போட்டிருக்கும் நேரத்தில் குதி வைத்து நடப்பார்கள், அது சரி. ஆனால் ஏன் நுனிக்காலில் நடக்கிறான் என்று சப்பாத்துக்குத் தெரியாதே.

இனி நிலையத்துக்கு வருகிறேன். எப்பொயின்மென்ட் கேட்டு போன் எடுத்தபோதே இரண்டு விஷயம் சொன்னார்கள்: பிள்ளை பாவித்த பழைய செருப்பையோ சப்பாத்தையோ கழுவாமல் கொண்டு வாருங்கள், வீட்டில் அவன் நடப்பதை அவனுக்குத் தெரியாமல் வீடியோ எடுத்து வாருங்கள். இரண்டாவது எவ்வளவு முக்கியம் என்று அங்கே போனதும் விளங்கியது. புது இடம், புது ஆட்கள், எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் என் மகன் ராசா மாதிரி குதி வைத்து நடந்து காட்டினான்! நான்தான் பொய் சொல்கிறேன் என்று ஆகியிருக்கும். பிசியோ அம்மணி சிரித்துவிட்டு, போனில் இருந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார், பக்கவாட்டில் எடுத்தது, பின்னாலிருந்து எடுத்தது. பிறகு செருப்பைக் கையில் எடுத்தார். பெருவிரலுக்குக் கீழே ரப்பர் தேய்ந்து மெழுகுத்தாள் மாதிரி ஆகியிருந்தது. குதிப்பக்கம் அடியில் அச்சடித்த அளவு இலக்கம் கடையில் வாங்கின அன்று இருந்த மாதிரியே இருந்தது. இரண்டு செருப்பும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்கிறதா என்றுதான் அவர் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கதையே வேறாம். ஒரு கால் கட்டையாக இருக்கலாம், இடுப்பு மூட்டில் பிரச்சினை இருக்கலாம், இல்லாவிட்டால் உடம்பின் ஒரு பாதியை மட்டும் பாதிக்கும் மூளை வாதமாக (செரிபிரல் பால்சி, மூளையில் வந்த பாதிப்பால் தசைக் கட்டுப்பாடு கெடுவது) இருக்கலாம். ஒற்றைக்காலில் மட்டும் நுனிநடை என்றால் பழக்கம் என்று விட்டுவிடவே கூடாது என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அதைத்தான் விட்டுவிட்டு இருந்தார்கள்.

அடுத்தது கேள்விகள். பிள்ளையைத் தொட முன்னமே நீளமாகக் கேட்டார். எத்தனை கிழமையில் பிறந்தான், என்ன நிறை, பிறந்தவுடன் அழுதானா, குழந்தைகள் பிரிவில் வைத்திருந்தார்களா, எப்போது இருந்தான், எப்போது நடந்தான். கிளினிக்கில் தரும் பிள்ளையின் சுகாதாரக் குறிப்பேட்டைக் கொண்டு போயிருந்ததால் மடமடவென்று சொல்ல முடிந்தது. குறை மாதத்தில் பிறந்த பிள்ளைகளின் மூளையில் கால் தசைகளுக்குப் போகும் நரம்புப் பாதைகள் பாதிக்கப்படும் ஆபத்து கூட, அதனால் இரண்டு காலிலும் இறுக்கம் வந்து நுனிக்காலில் நடப்பார்கள். இலேசான அளவில் இருந்தால் நடக்கத் தொடங்கும் வரை யாருக்கும் தெரியாமலே போகலாம். அதோடு, ஒரு வயதுக்கு முன்னமே ஒரு கையை மட்டும் பாவித்தானா என்றும் கேட்டார். அந்த வயதில் பிள்ளைகள் இரண்டு கையையும் பாவிக்க வேண்டும். "இவள் சின்னதிலேயே இடக்கைக்காரி" என்று நாம் பெருமையாகச் சொல்லும் சில பிள்ளைகளுக்கு மற்றக் கைதான் சரியில்லாமல் இருந்திருக்கும்.

எல்லாக் கேள்வியிலும் அவர் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம் ஒன்று: முதலிலிருந்தே இப்படியா, அல்லது நன்றாக நடந்துகொண்டிருந்தவன் பிறகு மாறினானா? முதலிலிருந்தே, இரண்டு காலிலும், சொன்னால் குதி வைப்பான் என்றால் கவலை குறைவு. குதி வைத்து நடந்த பிள்ளை இடையில் நுனிக்காலுக்கு மாறினால் அன்றைக்கே டொக்டரைப் பாருங்கள். தசையிலோ நரம்பிலோ முள்ளந்தண்டிலோ ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கலாம்.

பிறகு நிலத்தில் பாயை விரித்து விளையாட்டு. என் மகனுக்கு இது பரிசோதனை என்றே தெரியாது. நடுவில் நிறக் கட்டைகளைப் போட்டு, மல்லாந்து படுக்கச் சொல்லி, "எழும்பி ஓடிவந்து எடுங்கோ பாப்பம்" என்று உதவியாளர் பிள்ளை சொன்னாள். (மட்டக்களப்புப் பிள்ளை, தங்கமானவள். பிசியோவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், அவளில்லாவிட்டால் மகன் பாதியிலேயே அழுது முடித்திருப்பான்.) அவன் எழும்பும் விதத்தைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் திரும்பி ஒரு துள்ளலில் எழும்பினால் சரி. கவிழ்ந்து, கையையும் காலையும் ஊன்றி, பின்பக்கத்தை மேலே தூக்கி, பிறகு தன் முழங்காலில் கை வைத்து, தொடையில் கை வைத்து, தன் மேலேயே ஏறுகிற மாதிரி நிமிர்ந்தால் தொடையும் இடுப்பும் பலமில்லை என்று அர்த்தம். இதை வில்லியம் கௌவர்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் விவரித்ததால் அவர் பெயரில் கௌவர்ஸ் அடையாளம் என்கிறார்கள். பரிசோதனை அறையும் வேண்டாம், மெஷினும் வேண்டாம், வீட்டு நிலம் போதும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நுனிக்கால் நடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நோய்களில் எனக்கு மிகவும் பயமானது டுஷேன் தசைச் சிதைவு. பரம்பரை நோய், தாய் வழியாக வரலாம், குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலும் வரலாம், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்குத்தான். 2, 3 வயதில் அடிக்கடி விழுவான், படியேறக் கஷ்டப்படுவான், நுனிக்காலில் நடப்பான், கெண்டைக்கால் மட்டும் நல்ல திரட்சியாக இருக்கும். "என்ர பேரனுக்குப் பாருங்கோ பந்தடிகாரன்ர கால்" என்று தாத்தாமார் தட்டிப் பார்க்கும் அந்தத் திரட்சி பலம் அல்ல, தசை அழிந்து அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்வது. 4, 5 வயது வரை பலருக்குப் பிடிபடுவதே இல்லை. பிசியோ இதைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை, ஒரு கடிதம் எழுதித் தந்து, பிள்ளை வைத்தியரிடம் காட்டி சிபிகே இரத்தப் பரிசோதனை ஒன்று செய்து பாருங்கள் என்றார், அவ்வளவுதான். தசை உடையும்போது இரத்தத்தில் கசியும் கிரியட்டின் கைனேஸ் என்ற நொதியை அளக்கும் சாதாரணப் பரிசோதனை, கொழும்பில் எந்தப் பெரிய லேபிலும் செய்வார்கள். அந்த நோய் இருந்தால் அளவு கொஞ்சமாகக் கூடாது, பத்து மடங்கு, நூறு மடங்கு என்று எகிறும். ஈரல் பரிசோதனையில் வரும் இரண்டு நொதிகளும் தசையிலும் இருப்பதால், வேறு எதற்கோ இரத்தம் எடுத்து அவை கூடியிருப்பதைக் கண்டு ஈரலில் கோளாறு என்று மாதக்கணக்கில் அலைந்தவர்களும் உண்டாம். எங்களுக்கு றிப்போர்ட் சாதாரணமாக வந்தது. அது வரும் வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை, அதை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன்.

குந்தி இருக்கச் சொன்னது அடுத்தது. நம் ஆட்களுக்குக் குந்துவது பிறவியிலேயே வருவது, மீன் வெட்டுவதும் குந்தி, கதையளப்பதும் குந்தி. மகனுக்குக் குதி இரண்டும் நிலத்தில் பட்டபடி குந்த முடியவில்லை, குதி பட்டால் பின்னால் விழுகிறான், விழாமல் இருக்கக் குதியைத் தூக்குகிறான். இதை நான் வீட்டில் பல தடவை கண்டும் சும்மா சேட்டை என்றுதான் இருந்தேன். கணுக்கால் எவ்வளவு மேலே மடங்கும் என்பதற்கு இதைவிட லேசான சோதனை இல்லை.

அதன் பிறகு அளவுகோலோடு வந்தார். இரண்டு பிளாஸ்டிக் கைகள் உள்ள கோணமானி. இங்கேதான் நல்ல பிசியோவையும் சும்மா பிசியோவையும் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பாதத்தின் முன்பக்கத்தைப் பிடித்துத் தள்ளினால் பாதம் நடுவில் வளைந்து, கணுக்கால் மடங்குகிற மாதிரிப் பொய் காட்டும். இவர் குதியை உள்ளங்கையில் ஏந்தி, கொஞ்சம் உள்ளே திருப்பிப் பிடித்து, முன்கையால் பாதத்தை மெல்ல மேலே அழுத்தினார். முழங்கால் நீட்டியபடி ஒரு தடவை, மடக்கியபடி ஒரு தடவை. கெண்டையில் இரண்டு தசைகள் சேர்ந்து ஒரே குதிநாணில் முடிகின்றன. மேலே உள்ளது முழங்காலைத் தாண்டிப் போய்த் தொடை எலும்பில் பிடிக்கும், கீழே உள்ளது முழங்காலைத் தாண்டாது. முழங்காலை மடக்கினால் மேல் தசை தளர்ந்துவிடும். மடக்கியபோது கணுக்கால் நன்றாக மடங்கி, நீட்டியபோது மடங்காவிட்டால் மேல் தசைதான் இறுகியிருக்கிறது. இரண்டிலும் மடங்காவிட்டால் குதிநாணே கட்டை. மகனுக்கு முழங்கால் நீட்டினால் செங்கோணத்தை எட்டிக் கொஞ்சம் தாண்டுவதோடு நின்றது, மடக்கினால் 15 பாகை போனது. நீட்டியபடி 10 பாகையாவது வர வேண்டும் என்றார். சில பிள்ளைகள் பிறக்கும்போதே கட்டையான குதிநாணோடு பிறப்பார்கள்; சிலருக்கு நுனிக்காலில் நடந்து நடந்தே அது கட்டையாகிவிடும், அதற்குப் பிறகு அவர்கள் விரும்பினாலும் குதி வைக்க முடியாது. "பழக்கம்தானே, விடுங்கோ" என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

அதே கையோடு பாதத்தை ஒருக்கால் மெதுவாகவும் ஒருக்கால் வெடுக்கென்றும் மேலே மடக்கினார். வெடுக்கென்று மடக்கும்போது மட்டும் தசை பிடித்துக்கொண்டாலோ, கால் தானாக டக்டக்கென்று துடித்தாலோ மூளையிலிருந்து வரும் கட்டுப்பாட்டில் குறை, மூளை வாதம் இருக்கலாம். முழங்காலில் சுத்தியலால் தட்டினார், உள்ளங்காலில் கீறினார், மகன் கூச்சத்தில் உருண்டான். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார், இதை வேறு யாரும் பார்க்கவில்லை. முள்ளந்தண்டின் அடியில் மயிர்க் கொத்தோ, பள்ளமோ, சிவந்த மச்சமோ, கொழுப்புக் கட்டியோ இருந்தால் உள்ளே ஓடும் நரம்புத் தண்டான முண்ணாண் கீழே ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிள்ளை உயர உயர அது இழுபட்டு, காலும் கெடும், சிறுநீர்ப் பையும் கெடும். அதனால்தான் முன்பே "பகலில் நனைக்கிறானா, மலச்சிக்கல் இருக்கிறதா" என்று கேட்டிருக்கிறார். காலைக் காட்டப் போன இடத்தில் இதையெல்லாம் ஏன் கேட்கிறார்கள் என்று எனக்கு அப்போது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. பாத வளைவு கூடுதலாக இருக்கிறதா, அடிக்கடி கணுக்கால் பிரளுமா, அப்பாவுக்கோ அப்பப்பாவுக்கோ அப்படி இருந்ததா என்றும் கேட்டார். அது ஷார்கோ-மரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய்க்காக, 1886இல் மூன்று வைத்தியர்கள் விவரித்து அவர்கள் பெயரையே வைத்துக்கொண்டது.

ஓட்டிசம் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவதும் தாய்மாரின் நித்திரையைக் கெடுப்பதும் அதுதான். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் நுனிக்கால் நடை கூடுதலாகக் காணப்படுகிறது, உண்மை. ஆனால் நுனிக்காலில் நடப்பதை மட்டும் வைத்து ஓட்டிசம் என்று சொல்ல முடியாது. கூப்பிட்டால் திரும்புகிறானா, விரும்பியதைச் சுட்டிக் காட்டி நம் முகத்தைப் பார்க்கிறானா, மற்றப் பிள்ளைகளோடு சேர்கிறானா, வார்த்தை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். என் மகன் அதற்குள் உதவியாளர் பிள்ளையின் பெயர், ஊர், அவளுக்கு எத்தனை தம்பிமார் என்று எல்லாம் விசாரித்து முடித்திருந்ததால் இந்தப் பகுதி கெதியாக முடிந்தது.

முடிவாக நோயின் பெயரைச் சொன்னது பிசியோ இல்லை, அவர் அனுப்பிய பிள்ளை வைத்தியர். இதையும் நல்ல விஷயமாகத்தான் எழுதுகிறேன், பெயர் வைப்பது தன் வேலையில்லை என்று தெரிந்த பிசியோ இவர். எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்து ஒன்றும் அகப்படாதபோது மிஞ்சுவதுதான் "காரணம் தெரியாத நுனிக்கால் நடை". ஆரோக்கியமான பிள்ளைகளிலேயே இது அப்படி ஒன்றும் அபூர்வம் இல்லை. சுவீடனில் 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் ஐந்தரை வயதுப் பிள்ளைகளைப் பார்த்தபோது ஏறத்தாழ 5 சதவீதமானோர் ஏதோ ஒரு கட்டத்தில் இப்படி நடந்திருந்தார்கள், அதில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த வயதுக்குள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். அவர்களைத் தொடர்ந்து பார்த்ததில் 10 வயதாகும்போது ஐந்தில் நாலு பங்கு பிள்ளைகள் நிறுத்தியிருந்தார்கள். டொக்டர் கணவரிடம் "உங்கட வீட்டில யாராவது?" என்று கேட்க, மாமியார் வாய் தவறி "இவரும் சின்னனில கொஞ்சக் காலம் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டார். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருந்திருப்பது அடிக்கடி காணப்படுவதாம். வோக்கர் வழக்கு அன்றோடு தள்ளுபடி.

வைத்தியம் என்று தந்தது பெரிய விஷயமில்லை. கெண்டையை நீட்டும் பயிற்சி, குதியை ஏந்திப் பிடிக்கும் அதே பிடியில், என் கையை அவர் கையால் பிடித்து வைத்துக் காட்டிக் கொடுத்தார், நான் சரியாகப் பிடிக்கும் வரை விடவில்லை. குதியால் மட்டும் நடக்கும் பெங்குயின் நடை, குந்தி இருந்து கார் ஓட்டுவது, வெள்ளவத்தைக் கடற்கரையில் மணல் மேட்டில் ஏறுவது (தண்டவாளத்தைத் தாண்டும்போது கையை விடாதீர்கள்). கணுக்கால் இதற்கு மசியாவிட்டால் பிளாஸ்டர் போடுவது அடுத்த கட்டம். ஒன்றிரண்டு கிழமைக்கொரு தடவை கழற்றி, இன்னும் கொஞ்சம் மேலே மடக்கி மறுபடி போடுவார்கள். அல்லது கணுக்காலையும் பாதத்தையும் நேராகப் பிடித்து வைக்கும், பிளாஸ்டிக்கில் செய்த ஏஎப்ஓ பட்டை. குதிநாணை நீட்டும் சத்திரசிகிச்சை கடைசி, அதுவும் வளர்ந்த பிள்ளைகளுக்கு, எதற்கும் மசியாத இறுக்கத்துக்கு. தசையைத் தளர்த்தும் பொட்டொக்ஸ் ஊசியைப் பற்றி நான்தான் கேட்டேன். மூளை வாதத்தில் தசை இறுக்கத்துக்கு அதற்கு இடம் உண்டு, காரணம் தெரியாத நுனிநடையில் பிளாஸ்டரோடு ஊசியும் சேர்த்துப் போட்டுப் பார்த்த ஆய்வில் பிளாஸ்டர் மட்டும் போட்டதைவிட மேலதிக பலன் காணவில்லை என்றார். விற்க வேண்டியதை விற்காமல் விட்ட இடம் என்று குறித்துக்கொண்டேன். மகன் இப்போது சொன்னால் குதி வைக்கிறான், களைத்தால் மறக்கிறான். முழுதாகச் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்.

இனிக் குறைகள். முதலாவது, மாடி. லிப்ட் இல்லை. கால் சரியில்லாத பிள்ளைகளுக்கென்றே நடத்தும் நிலையத்தை ஒடுங்கிய படிக்கட்டின் உச்சியில் வைத்திருக்கிறார்கள்! நாங்கள் இருந்த நேரத்தில் ஏஎப்ஓ போட்ட பெரிய பிள்ளை ஒன்றை ஒரு அப்பா முதுகில் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார், மேலே வந்ததும் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றார். வாடகை, இடம் எல்லாம் எனக்கும் விளங்கும், கொழும்பு 6இல் கீழ்மாடி கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் கீழே கராஜ் பக்கம் ஒரு அறையையாவது இந்தப் பிள்ளைகளுக்கென்று எடுத்திருக்கலாம்.

இரண்டாவது, வரவேற்பு மேசை. உள்ளே பிசியோ "இதற்கு மேல் ஒன்றும் இப்போதைக்குத் தேவையில்லை" என்று சொல்லி அனுப்புகிறார், வெளியே வந்தால் மேசையில் இருப்பவர் புலன் பயிற்சி பக்கேஜ் என்று பட்டியலை நீட்டி, முழுக்காசையும் முன்னாலேயே கட்டினால் கழிவு என்கிறார். உள்ளே சொன்னதைத் திருப்பிச் சொன்னதும் முகம் மாறியது. பயந்துபோன தாய் ஒருத்தி அந்த இடத்தில் கட்டிவிடுவாள். உள்ளே இருப்பவருக்கு இது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். தெரியாவிட்டால் தெரிய வேண்டும்.

றிப்போர்ட் ஆங்கிலத்தில் மட்டும்தான், வீட்டுப் பயிற்சித் தாள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு தமிழில் ஒரு தாள் அடிக்க முடியவில்லையா? உதவியாளர் பிள்ளை தானாகவே என் தாளின் பின்பக்கத்தில் பேனையால் தமிழில் எழுதித் தந்தாள். அவளுக்குச் சம்பளத்தைக் கூட்டுங்கள்.

முதல் நாள் கட்டணம் ஒரு ஸ்பெஷலிஸ்ட்டை சனல் பண்ணும் (தனியாரில் நம்பர் எடுத்துக் காட்டும்) காசைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் சனலில் நம்பருக்குக் காத்திருந்து உள்ளே போய்ப் பிள்ளை கதிரையில் ஏறி இருக்க முன் வெளியே வந்துவிடுகிறோம், இங்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிள்ளையோடு நிலத்தில் இருந்தார்கள். எனக்குக் கணக்குச் சரி. காசு கட்டுப்படியாகாதவர்கள் மனம் தளர வேண்டாம், பொரளையில் லேடி றிஜ்வே ஆஸ்பத்திரி இருக்கிறது, பிள்ளை நரம்பு வைத்தியர், எலும்பு வைத்தியர், பிசியோ எல்லாரும் ஒரே வளவுக்குள், காசில்லாமல். சனம் கூட, விடிய வெள்ளெனப் போக வேண்டும், திகதி கிடைக்கக் காலம் எடுக்கலாம். நான் மேலே எழுதிய கேள்விகளை அங்கே நீங்களே கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். எங்கே போனாலும் பிசியோ இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பாருங்கள், இரண்டு மாதக் கோர்ஸ் முடித்துவிட்டு போர்ட் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை கேட்காதீர்கள், இரைச்சலில் பிள்ளை ஒத்துழைக்காது, கிழமை நாளில் காலையில் கேளுங்கள். அரைக்காற்சட்டை போட்டுக் கூட்டிப் போங்கள், முழங்கால் தெரிய வேண்டும். வாகனம் நிறுத்த இடமே இல்லை, போனில் கூப்பிடும் பிக்மீ வாடகை வாகனத்தில் போங்கள், 100, 101 பஸ் என்றால் காலி வீதியில் இறங்கி நடக்கலாம். சாப்பாடு கொடுத்துவிட்டுப் போங்கள், பசியில் இருக்கும் பிள்ளையின் கெண்டையை யாராலும் அளக்க முடியாது. மேசையில் பட்டியலை நீட்டினால் "பிசியோ எழுதித் தந்தால் எடுக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.